செட்டுல சேர ஒரு போட்டோ

“அவ நகத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நாளையிலேர்ந்து நீ நம்ம செட்டு.”

சொல்லிட்டு பிரீத்திகா அக்கா பப்ஸைக் கடிச்சாக. செகண்ட் இயர். காலேஜ் கேன்டீன்ல ஜன்னலோரப் பெஞ்சு அவுக செட்டுக்கு மட்டும்தான்.

“யார் நகத்தைக்கா?”

“செல்லக்கனி. உன் பஸ்லதானே வர்றா? லீவு நாள்ல பட்டாசுக் கம்பெனிக்குப் போறாளாம். குரூப்புல போட்டா நல்லா சிரிக்கலாம்.”

“அவளும் செட்டுல சேரத்தானே அலைஞ்சா?”

“போன வாரம் ஒரு சின்ன வேலை கொடுத்தோம். செய்யத் துப்பில்ல. உனக்கு இருக்குல்ல, மாரிசெல்வி?”

எனக்கு இருந்துச்சு. இதுல ஒளிக்க என்ன இருக்கு? காலேஜ்ல சேர்ந்த ரெண்டு மாசமா சாப்பாட்டு டப்பாவைத் தனியாத் திறந்து தனியா மூடி அலுத்துப்போச்சு. எனக்கு அந்தப் பெஞ்சு வேணும்.

ஞாயித்துக்கிழமை நானும் எம். புதுப்பட்டியில கம்பெனிக்குப் போறவதான். அலுமினியப் பவுடர் நகக்கண்ணுல ஏறினா எந்த சோப்புக்கும் போகாது. நான் மேல மெரூன் நெயில் பாலிஷ் பூசிக்குவேன். செல்லக்கனிக்கு அந்தப் புத்தி இல்ல. அதுக்கு நான் என்ன செய்ய?

சாயங்காலம் பஸ்ல அவ பக்கத்துலயே உட்கார்ந்தேன். முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சிருந்தா. அஞ்சு நகமும் வெள்ளியாட்டம் மின்னுச்சு. போனைச் சாய்ச்சுப் பிடிச்சேன்.

“ஏட்டி, நேராப் பிடி,” வெளியே பார்த்துக்கிட்டே சொன்னா. “சாய்வா எடுத்தா நகம் தெரியாது.”

நான் போனை இறக்குறதுக்குள்ள, அவளே கையை என் மடியில விரிச்சு வச்சா.

“பிரீத்திகா அக்கா சொன்னாகளா? எடுத்துக்கோ. நீயாவது அந்தப் பெஞ்சுல உட்காரு.”

எனக்குக் கோவம் வந்துருச்சு. “பெரிய இவளாட்டம் பேசாத. கொடுத்த ஒரு வேலையைச் செய்யத் துப்பில்ல ஒனக்கு.”

“ஆமா, செய்யல.”

“அப்படி என்ன மலையைப் புரட்டச் சொன்னாக?”

செல்லக்கனி என் கட்டைவிரலைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பினா. மெரூன் ஓரத்துல உரிஞ்சிருந்துச்சு. உள்ளே வெள்ளி.

“இதைத்தான் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாக.”