இரண்டு நாள் வேலை

“என்ன மேஸ்திரி, இன்னைக்கும் பெயர்ந்து கிடக்கு! இதுதான் உங்க முப்பது வருஷத் தொழிலா?”

வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நேற்று சாயங்காலம் மேஸ்திரி ஒட்டிவிட்டுப் போன டைல்ஸில் ஒரு வரிசை, ஆறும் அப்படியே பெயர்ந்து கிடந்தன.

சமையலறைக்குப் பின்னால் சின்னத் தாழ்வாரம். பாத்திரம் துலக்க ஒரு தொட்டி, அதைச் சுற்றி நாற்பது டைல்ஸ். கண்ணை மூடிக்கொண்டு இரண்டே நாளில் முடிக்கிற வேலை. இன்று பதினோராவது நாள்.

தொழிலில் அவருக்கு ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று மற்றவர்கள் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார்கள். இவர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தால் போதும். அப்பேர்ப்பட்ட மனிதரை ஆறு டைல்ஸ் சேர்ந்து நாய் படாத பாடு படுத்தின.

சிமென்ட் மூட்டையை மாற்றிப் பார்த்தார். மணலை இரண்டு தடவை சலித்தார். பெருச்சாளியின் கைங்கரியமோ என்று மூலைமுடுக்கெல்லாம் தேடினார். ஊஹூம். சாயங்காலம் அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருப்பவை, காலையில் வந்து பார்த்தால் பல்லை இளிக்கும். காய்ந்த கலவையைக் கொத்தி எடுத்து, மறுபடி ஒட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

வீட்டுக்காரர் கத்துவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்காரம்மாவின் உபசாரத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வேலைக்கு வந்த முதல் நாளே கவனித்தார், அடுப்பின் மேல் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி மூடியிருந்தது. அவற்றின் மேல் ஏற்கெனவே விரல் பதிகிற அளவுக்குத் தூசி. சிமென்ட் பறக்கும் என்று முன்கூட்டியே மூடிவைத்திருக்கிறார், விவரமான அம்மா என்று நினைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவர் கடைக்குச் சாப்பிடக் கிளம்பியதும் அந்த அம்மா குறுக்கே வந்து நின்றார்.

“எங்க கிளம்பிட்டீங்க? வேலை செய்யற வீடு இருக்கும்போது வெளியில சாப்பிடுவாங்களா? அரை மணி நேரம் பொறுங்க, சமைச்சுடறேன்.”

அன்று தொடங்கியது. தினமும் சுடச்சுடச் சோறு, கீரை, ஏதாவது ஒரு காய். பரிமாறிவிட்டுத் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிடுவார்.

“கீரையில உப்பு சரியா இருக்கா, மேஸ்திரி?”

“இருக்கும்மா.”

“அப்புறம் ஏன் இப்படிக் கொறிக்கிறீங்க? இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க.”

செய்த வேலை நிற்காத வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவது எப்படி?

மேஸ்திரியின் மனைவியோ, “எதுக்கும் ஒருதரம் கண்ணு டாக்டர்கிட்ட காட்டுங்களேன்” என்று சொல்லிவிட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. இருக்குமோ? வயசாகி, கை தன் பேச்சைக் கேட்காமல் போய்விட்டதோ? வேறு எந்தத் தொழிலும் தெரியாதே அவருக்கு.

பதினோராவது நாளும் ஆறு டைல்ஸை ஒட்டிவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாப்பில் நின்று தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போதும், இந்த வேலையும் வேண்டாம், இந்தத் தொழிலும் வேண்டாம். சாமான் பையை எடுத்துக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று திரும்பி நடந்தார்.

வாசலில் வீட்டுக்காரம்மா தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லவேளை, திரும்பி வந்தீங்க. கேக்கணும்னு நினைச்சேன். நாளைக்கு வெண்டைக்காயா, முருங்கைக்காயா?”

நாளைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. “எதுன்னாலும் சரிம்மா” என்று முனகிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

தாழ்வாரத்தில் வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்க்ரூ டிரைவர். ஐந்து டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, ஆறாவதை நெம்பிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரிக்கு ரத்தம் கொதித்தது.

“நீங்களா சார்? என் கையையே நான் நம்பாம போயிட்டேனே! உங்களுக்கு நான் என்ன சார் கெடுதல் பண்ணினேன்?”

வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே, “மெதுவா பேசுங்க, அவ காதுல விழுந்துடப் போவுது” என்று கையெடுத்துக் கும்பிட்டார். காலையில் அத்தனை கத்துக் கத்திய மனிதரின் குரல் இப்போது காற்றாக வந்தது.

“எங்க ஒரே பையன் தவறிப்போய் ஏழு மாசம் ஆச்சு, மேஸ்திரி. அன்னையிலேருந்து அவ அடுப்பு பக்கமே போகல. கடையில வாங்கிக் கொடுத்தாலும் ரெண்டு வாய்தான்; சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவா. நானும் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கல.”

மேஸ்திரி அவர் எதிரில் மெல்ல உட்கார்ந்தார்.

“வேலைக்கு வந்த மனுஷன் பசியோட இருக்கக்கூடாதுன்னுதான் அவ எழுந்திரிச்சதே.”

வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறாவது டைல்ஸையும் நெம்பினார்.

“நீங்க வேலையை முடிச்சுட்டா, மறுபடியும் படுத்துடுவா.”