பதினாறு மணி நேரம்

இரவு வேலை முடிந்து வந்து படுத்த நர்ஸுக்கு அன்றும் தூக்கம் போயிற்று. மாடி வீட்டுக் குழந்தை வீல்வீலென்று கத்திக்கொண்டிருந்தது. கீழ் வீட்டுக்குக் குடிவந்த இந்த ஒரு வாரமாகப் பகலெல்லாம் இதே பாட்டுத்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், விறுவிறுவென்று மாடியேறிக் கதவைத் தட்டினாள்.

"கொஞ்சம் மெதுவாங்க. இப்பத்தான் கண் அசந்தா," என்றான் கதவைத் திறந்தவன்.

"யாரு? குழந்தைதான் அழுதுட்டே இருக்கே!"

"என் மனைவி."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கு கதை! பச்சைக் குழந்தை நாளைக்குப் பதினாறு மணி நேரம் தூங்கணும் சார். பெரியவங்களுக்கு ஏழு மணி நேரம் போதும். உங்க வீட்ல எல்லாமே தலைகீழா இருக்கே! தள்ளுங்க, நான் பாக்குறேன்."

அவன் தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள். தொட்டிலில் கை போட்டபடி அந்தப் பெண் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் தொட்டிலுக்குள் குனிந்தாள்.

மடித்து வைத்த குட்டிச் சட்டையின் மேல் ஒரு செல்போன் அழுதுகொண்டிருந்தது.

"பாப்பா போய் ரெண்டு மாசமாச்சுங்க," என்றான் அவன். "இந்தச் சத்தம் கேட்டாத்தான் இவ கொஞ்சமாவது தூங்குறா."

அப்போது பதிவு முடிந்து, அழுகை நின்றது. அந்தப் பெண் திடுக்கிட்டுக் கண் விழித்தாள்.

"என்னங்க... பாப்பா ஏன் அழல?"

அவன் நகர்வதற்குள் நர்ஸே குனிந்து, செல்போனைத் தொட்டு, குழந்தையை மறுபடி அழவைத்தாள்.