விசுவலிங்கத்தாரின் நேர்த்தி

பூத்துப் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்த கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த வருஷம் கொப்பு முறியக் காய்த்திருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பிஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன பசளை போட்டனீங்கள் அண்ணை?”

“பசளையோ? நேர்த்தி!” என்றார் ஓய்வுபெற்ற தபாலதிபர் விசுவலிங்கத்தார். “மரம் காய்க்குமட்டும் மச்சம் மாமிசம் தொடமாட்டன் எண்டு இணுவில் கந்தனுக்கு நேர்த்தி வைச்சனான். மூண்டு வருஷம்! வீட்டுக்குள்ளை ஒரு நெத்தலி வரேல்லை.”

“இராசமலரக்காவும் பாவம்.”

“அவளுக்கென்ன, என்னைவிடச் சுத்த சைவம்.”

கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்த மனைவி இராசமலர் அதை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

மரத்துக்காக அதுவரை ஒரு வாளி தண்ணீர்கூட ஊற்றியறியாத விசுவலிங்கத்தாருக்கு அன்றைக்குப் பக்தி முற்றிவிட்டது. எருப் போடவென்று மண்வெட்டியைத் தூக்கினார்.

“விடுங்கோ, குனிஞ்சு கொத்தினால் நாரி பிடிக்கப்போகுது!” இராசமலர் ஓடிவந்தாள்.

அதற்குள் நாலு கொத்துக் கொத்திவிட்டார். நண்டுக் கோது வந்தது. பிறகு மீன் தலைகள், சுறா முள்ளு. கொத்தக் கொத்த ஒரு மீன்சந்தையே கிளம்பியது.

“இஞ்சாரப்பா, என்ன இது?”

“நீங்கள் வாசிகசாலையிலை பேப்பர் பாக்கிற நேரம் நான் சமைச்சுச் சாப்பிடுறது. கழிவை மரத்தடியிலை தாட்டுவிடுவன்.”

“அப்ப என்ரை நேர்த்தி?”

“அது நீங்கள் வைச்சது. நானும் மரமும் வைக்கேல்லையே!”