தடித்த நரம்பு

உறைந்த பெய்ப்சி ஏரிமேல் சாயங்கால வெளிச்சம் சாம்பலாகப் படிந்திருக்கிறது. பனிக்கட்டியில் போட்ட துளையருகே கௌபோ மண்டியிட்டு, தூண்டில் நரம்பைத் தூக்கித் தூக்கி இறக்குகிறான். கயிறுபோலத் தடித்த நரம்பு, அதன் நுனியில் பெரிய இரும்பு வளையம், வளையத்தில் இரைக்குப் பதிலாகத் தகர மீன், அதற்கும் கீழே மும்முனைக் கொக்கி. வேறு ஊரிலிருந்து மீன்பிடிக்க வந்த உர்மஸ் குனிந்து பார்த்துச் சிரிக்கிறான். “என்னண்ணே, மாடு கட்டவா வந்தீங்க? இம்மாம் பெரிய வளையத்த மாட்டுனா தகரம் எப்படி ஆடும்? செத்தாப்ல தொங்குது பாருங்க. மெல்லிசு நரம்புல நேரா முடிச்சுப் போடுங்க, மீன் தானா வந்து கவ்வும்.” கௌபோ நிமிரவில்லை. இரண்டு கைகளிலும் கையுறை இருக்கிறது; மூன்றாவது ஒன்று அவன் முழங்காலருகே விறைத்துக் கிடக்கிறது. “மெல்லிசு அறுந்துரும்பா. முந்தாநேத்து இங்கதான் பனி உடஞ்சு என் தம்பி உள்ள போனான். எழுபது கிலோ இருப்பான்.”