இரண்டு பேர் எடை

தரையோடு தாழ்த்திய அந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் இடித்தது. புற்றுநோய் எலும்பு வரை பரவியிருந்த ஸ்டெல்லாவால் அதைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் இதில்தான் வருவேன் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அவள் கணவன் ஜெரோம் காரை மயில்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினான்.

மயில்சாமி குனிந்து பார்த்தார். "பின்னாடி ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாத்தோணுங்க. உக்கார்ற ஆளுக எடையப் பாத்துத்தான் எடுக்கோணும். அம்மிணி எவ்வளவு இருப்பாங்க?"

"ஐம்பத்தெட்டு கிலோ," என்றான் ஜெரோம்.

"அது கல்யாணத்தப்போ," என்றாள் ஸ்டெல்லா, சீட்டில் சாய்ந்தபடியே. "இப்ப முப்பத்தேழு."

மயில்சாமி அவள் பக்கம் திரும்பவில்லை. "கெட்டியானது கையிலயே இருக்குதுங்க. வளைவுல வண்டி நல்லா நிக்கும், ஆனா தூக்கிப் போடும். மெத்துனு வேணும்னா வரவழைக்க ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசமா?" ஸ்டெல்லா கணவனைப் பார்த்தாள்.

"அப்ப கெட்டியானதே போட்டிருங்கண்ணா. அவர் ஒருத்தர் எடைக்கு."

"ரெண்டு பேருக்கு," என்றான் ஜெரோம். "மெத்துனு இருக்கறது."

மயில்சாமி கை துடைக்கும் துணியோடு, யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் நின்றார்.