வேலியோரத்து ஆள்

"மட்டையைச் சுழற்றுற என் பையன் கோல்பி பிரமாதமா இருக்கான், வெர்னன். ஆனா பின்னாடி வேலியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு நிக்கிறானே, கண்ணு அங்கதான் போகுது. எடுத்துடுங்க."

சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களைப் படமெடுக்கும் வெர்னனுக்கு இது பழகிய புகார்தான்.

"எல்லா ஆட்டத்துக்கும் வந்து அங்கயேதான் நிக்கிறாரு. யாரு டெனிஸ் அது?"

"யாரோ வேலையத்தவன். எங்க வீட்டுக்காரர் ஹால்ல மாட்டப்போற படம். அதுல கண்டவனும் எதுக்கு?"

வெர்னன் கணினியில் ஆளை அழித்து வேலியை மட்டும் விட்டார். படத்தை வாங்கிக்கொண்டு வாசல்வரை போன டெனிஸ், அந்த வெறும் வேலியையே பார்த்தபடி நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"அழிச்சீங்களே, கோல்பியோட அப்பா... அவரை மட்டும் தனியா, பர்ஸுக்குள்ள அடங்குற மாதிரி போட்டுத் தர்றீங்களா? வீட்ல இருக்கிறவருக்குத் தெரிய வேண்டாம்."