கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

செங்கம் ரோட்டில் பேக்கரி நடத்தும் உம்மே ஹானி, மாஸ்டர் தருமன் எப்போது வேலைக்குத் திரும்புவார் என்று கேட்கத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். பச்சிளங்குழந்தைகள் வார்டின் கண்ணாடிக்கு அப்பால், காலை வெளிச்சத்தில், அவர் சட்டையைத் திறந்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகள், உடம்புச் சூட்டுக்காக அவருடைய வெறும் மார்பில் ஒட்டிக் கிடக்கிறாள். அடுப்புக்குள் தட்டுகளை வேகவேகமாகத் தள்ளும் அந்தக் கை, உள்ளங்கை அகலமே உள்ள முதுகின் மேல் அசையாமல் கவிந்திருக்கிறது. "ரெண்டு மணி நேரமா இப்படியேதாங்க. கால் மரத்துப்போனாலும் நகர மாட்டேங்குறாரு" என்கிறாள் நர்ஸ். முதலாளியைக் கண்டதும் தருமனின் முகம் கலங்குகிறது. "நாளைக்கு வந்துடறேம்மா" என்று உதடுகள் அசைகின்றன. உம்மே ஹானி கதவை லேசாகத் திறக்கிறாள். "பாப்பா வீட்டுக்கு வர்ற வரைக்கும் கடைப்பக்கம் வராதீங்க மாஸ்டர். சம்பளம் எப்பவும்போல வந்துடும்." குழந்தை விழித்துவிடாதபடி, தருமன் சரியென்று தலையை மட்டும் மெல்ல அசைக்கிறார்.